பர்மா ரயில்னா மரண ரயில் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். யாங்கோன், அதாவது பழைய ரங்கூன், பக்கத்துல இன்செய்ன்ல இருந்து எழுதறேன்.

உங்க பேப்பர் ஞாயித்துக்கிழமை இணைப்புல பர்மா தமிழர்களப் பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, சென்னை வியாசர்பாடியில இருக்குற என் சித்தப்பா மகன் அத போட்டோ புடிச்சு வைபர்ல அனுப்பி வச்சான். எங்களப் பத்தி நாலு வரி வந்தாலே இங்க ஆளாளுக்கு ஃபார்வர்ட் பண்ணிக்குவோம், முழுப் பக்கம்னா கேக்கணுமா, ஒரு வாரத்துக்கு கோயில் வாசல்ல இதே பேச்சுதான். சந்தோஷம், இல்லன்னு சொல்லல. ஆனா படிச்சு முடிச்சதுல இருந்து ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. செட்டியாருங்க வட்டிக்கடை வந்துடுச்சு, 1942-ல யுத்தத்துக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்த நடைப்பயணம் வந்துடுச்சு, 1964-ல கப்பல் ஏறினது வந்துடுச்சு, ரயில்னு வந்த இடத்துல மட்டும் யுத்தத்துல ஜப்பான்காரன் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல போட்ட சயாம் மரண ரயில தவிர வேற பேச்சே இல்ல. அதுக்குப் போட்ட படம் வேற க்வாய் ஆத்துப் பாலம், அது பர்மாவுலயே இல்லங்க ஐயா, தாய்லாந்துல காஞ்சனபுரியில இருக்கு.

மரண ரயில நான் சின்னதாக்கல. 415 கிலோமீட்டர், 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல ரெண்டு பக்கத்து தண்டவாளத்தையும் சேத்தாங்க, வெள்ளைக்காரக் கைதிங்க மட்டும் 12,000 பேருக்கு மேல செத்தாங்க, ஆசியத் தொழிலாளிங்க சுமார் 90,000 பேருன்னு கணக்கு சொல்றாங்க. அதுல செத்த தமிழருங்க பெரும்பாலும் மலேயா ரப்பர் தோட்டத்துல இருந்து ஜப்பான்காரன் அள்ளிட்டு வந்தவங்க. அந்த லைனோட பர்மாப் பக்கத்து முனை தன்பியூசயாத்துல கைதிங்களுக்கு 3,700-க்கு மேல கல்லறை வரிசையா பேரோட இருக்கு, புல்லு வெட்டி அழகா வச்சிருக்காங்க, தோட்டத்துல இருந்து வந்த நம்மாளுங்களுக்கு அங்க அப்படி வரிசையா கல்லு கிடையாது. அதப்பத்தி எழுதினது நியாயம். ஆனா அவங்க கதைய எடுத்து பர்மா தமிழன் ரயில் கதைன்னு போட்டா ரெண்டு பேருக்குமே அநியாயம், அவங்க மலேயாக்காரங்க, எங்க ஆளுங்க வேற.

பர்மாவுல ரயில் ஓட ஆரம்பிச்சது 1877 மே 1. ரங்கூன்ல இருந்து பிரோம் வரைக்கும் 161 மைல். அப்புறம் டவுங்கூ, 1889-ல மாந்தளே, அதுக்கப்புறம் மிச்சினா வரைக்கும் போச்சு. எல்லாம் மீட்டர் கேஜ். மண்ணு வெட்டினதுல இருந்து ஸ்லீப்பர் கட்டை தூக்கினது, ஜல்லி கொட்டினது, பாயிண்ட்ஸ் மாத்தினது, ஷெட்ல பாய்லர் கழுவினது, எஞ்சின் ஓட்டினது வரைக்கும் யாருன்னு நினைக்கிறீங்க, தமிழனும் தெலுங்கனும் வங்காளியும் பஞ்சாபியும்தான் ரொம்ப நாளைக்கு. எங்க பாட்டன் புதுக்கோட்டைப் பக்கத்துல இருந்து வந்து பிரோம் லைன்ல கேங்மேனா, அதாவது தண்டவாளம் பராமரிக்கிற ஆளா சேந்தவர். இன்செய்ன்ல ரயில்வே பெரிய ஒர்க்‌ஷாப் இருக்கு, அத ஒட்டி லைன் வீடு, அந்த லைன் வீட்டுலதான் எங்க தாத்தா 1923-ல பொறந்தார்.

இந்தத் தாத்தா கதையத்தான் சொல்ல வந்தேன். பதினாறு வயசுல ஷெட்ல கிளீனரா போனார், அதாவது எஞ்சினத் துடைக்கிற வேலை, எண்ணெயும் கரியும் சாம்பலுமா சட்டை கல்லு மாதிரி நிக்குமாம். கிளீனர், அப்புறம் எஞ்சின் நெருப்பப் பாத்துக்குற ஃபயர்மேன், அப்புறம் டிரைவர், இதுதான் வரிசை. 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு விழுந்துச்சு, கிறிஸ்மஸ் அன்னைக்கு மறுபடியும் விழுந்துச்சு, ஜனம் ஓட ஆரம்பிச்சுட்டாங்க. ரயில்வே ஆளுங்க மத்தவங்கள ஏத்திவிட்டுட்டு கடைசியாத்தான் கெளம்பினாங்கன்னு தாத்தா சொல்லுவார், அதுல ஒரு பெருமை அவருக்கு. பிரோம்ல இருந்து மலை ஏறி டவுங்கப் கணவாய் வழியா அரக்கான் கரைக்கு நடந்தது, வழியெல்லாம் காலரா, அதப்பத்தி அவர் அதிகம் பேசமாட்டார், நானும் எழுதல, உங்க கட்டுரையில அந்தப் பகுதி நல்லாவே வந்திருக்கு.

மெட்ராஸ் வந்து சேந்தப்ப கையில காசும் இல்ல வேலையும் இல்ல. ராயல் இந்தியன் நேவிக்கு ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு போயிருக்கார். யுத்தம் ஆரம்பிச்சப்ப ரெண்டாயிரம் பேரு கூட இல்லாத நேவி, அப்ப வேகமா பெருசாயிட்டிருந்த நேரம், தெக்கத்தி ஆளுங்களை நெறைய எடுத்தாங்க. என்ன தெரியும்னு கேட்டதுக்கு பாய்லர் தெரியும்னு சொன்னாராம், அதோட முடிஞ்சுது, ஸ்டோக்கர்னு எழுதிட்டாங்க. எனக்கு சின்ன வயசுல இது பெரிய ஏமாத்தம். தாத்தா நேவியில இருந்தார்னு பள்ளிக்கூடத்துல பீத்திக்கிட்டு வந்து, பீரங்கி சுட்டீங்களா தாத்தான்னு கேட்டா, கரி போட்டேன்டாம்பார். ரங்கூன ஜப்பான்காரன்கிட்ட இருந்து மறுபடியும் புடிக்க 1945 மே மாசம் கப்பல்படை வந்துச்சில்லையா, அதுக்கு முன்னாடி ஆத்து வாய்ல கண்ணிவெடி வாருறதுக்கு போன கப்பல்கள்ல ஒண்ணுல இவர் இருந்தார், சொந்த ஊருக்கே திரும்பி வர்றார், ஆனா ஆத்தையும் பாக்கல கரையையும் பாக்கல, கீழ பாய்லர் ரூம்லயே இருந்திருக்கார். கண்ணி வெடிச்சா மொதல்ல போறது கீழ இருக்குறவன்தான், அது மட்டும் ஒருநாள் சொன்னார்.

பம்பாய்ல 1946 பிப்ரவரியில நடந்த நேவி ஸ்ட்ரைக்ல இருந்தாரான்னு எல்லாரும் கேப்பாங்க, இப்ப நீங்களும் கேப்பீங்க. இல்லைங்க. 78 கப்பல், 20 கரை முகாம், சுமார் 20,000 பேர் சேந்த ஸ்ட்ரைக் அது, ஆனா தாத்தாவ அதுக்கு முன்னாடியே யுத்தம் முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இருந்திருந்தா எங்க குடும்பத்துல ஒரு தியாகி போட்டோ மாட்டியிருக்கலாம், இப்ப மாட்டியிருக்குறது ஒரு எஞ்சின் போட்டோ.

1946-ல மெட்ராஸ்ல இருந்து டெக் டிக்கெட்ல ரங்கூன் திரும்பினார். ஏன் திரும்பினீங்கன்னு கேட்டா வேற எங்க போறது, என் வீடு அங்கதான இருக்குன்னுதான் சொல்லுவார், இதுல பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல. வந்து பாத்தா ரங்கூன் ஸ்டேஷனே கிடையாது, 1943 குண்டுவீச்சுலயே போயிடுச்சு, இப்ப பர்மிய கோபுரம் வச்சு நிக்குதே அந்த ஸ்டேஷன் கட்டி முடிச்சது 1954-ல. பாலமெல்லாம் உடைஞ்சு கெடந்துச்சு, எஞ்சினுங்க ஓட்டையும் உடைசலுமா நின்னுச்சு. வேலை தெரிஞ்ச ஆளு வேணும். ஃபயர்மேனா எடுத்துக்கிட்டாங்க.

இந்த எடத்துலதான் ஐயா நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. உங்க கட்டுரையில ரயில்வே தமிழன்னு ஒரே ஒரு எடத்துல வருது, கூலின்னு போட்டிருக்கீங்க. எங்க தாத்தா பாய்லர் முன்னாடி என்ன பண்ணார்னு கொஞ்சம் கேளுங்க, கூலியான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க. கரி எஞ்சின்ல கரிய சும்மா நடுவுல கொட்டக்கூடாது, அப்படிக் கொட்டினா நெருப்பு அமுங்கிடும், பின்னாடி ரெண்டு மூலையிலயும் கனமா, ஓரத்துல கொஞ்சம், நடுவுல மெலிசா விசிறணும், அதுவும் வண்டி ஆடிக்கிட்டே ஓடறப்ப, ஒவ்வொரு ஷவலுக்கும் கதவைத் திறந்து உடனே மூடணும், திறந்து வச்சா குளுந்த காத்து உள்ள போயி பாய்லர் ட்யூப் கசிய ஆரம்பிச்சிடும். ஒரு கண்ணு நெருப்புல, ஒரு கண்ணு பாய்லர்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டுற தண்ணி கிளாஸ்ல. தண்ணி கொறஞ்சு நெருப்புப் பெட்டியோட மேல்தகடு வெளிய தெரிஞ்சா பாய்லர் வெடிக்கும், அதுக்கு முன்னாடி ஈயப் பிளக் உருகி ஆவி நெருப்பு மேல பாஞ்சு எச்சரிக்கை குடுக்கும், பிளக்க உருக்குனவன் ஷெட்ல தலை நிமிந்து நடக்க முடியாதாம். ஏத்தத்துல போறப்ப கிளாஸ் ஒரு கணக்கு காட்டும், எறக்கத்துல வேற கணக்கு காட்டும், பெகு லைன் பூரா எங்க ஏத்தம் எங்க எறக்கம்னு மனப்பாடமா தெரியணும்.

நேவியில மொதல்ல கரி எரிக்கிற டிராலர்ங்கற சின்னக் கப்பல்ல இருந்திருக்கார், அங்க கப்பல் உருளுற தாளத்துக்கு கரி வீசணும், தப்பான நேரத்துல கதவத் திறந்தா நெருப்பு காலு மேல வந்து விழும். எடது முழங்கால்ல அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் மாத்தின மைன் ஸ்வீப்பர், அதான் கண்ணிவெடி வாருற கப்பல், எண்ணெய் எரிக்கிறது, அங்க ஷவல் கிடையாது, பர்னர். நுனிய கழட்டிக் கழட்டி சுத்தம் பண்ணணும், புகையப் பாத்து காத்த அளக்கணும், கருப்புப் புகைன்னா காத்து கம்மி, வெள்ளைப் புகைன்னா காத்து ஜாஸ்தி, புகையே தெரியாம லேசா மங்கலா போனா சரி. பர்மா ரயில்வேயில பின்னாடி எஞ்சினுங்க எல்லாம் ஃபர்னஸ் எண்ணெய்க்கு மாறினப்ப இந்தப் படிப்பு அவருக்குக் கை குடுத்துச்சு. கரிக்குப் பழகின பழைய ஆளுங்க திணறிக்கிட்டு இருந்தப்ப இவர் புகைபோக்கியப் பாத்தே வால்வு திருப்புவார், யுத்தத்துக்கப்புறம் இங்கிலாந்து வல்கன் ஃபவுண்டரியில இருந்து வந்த ஒய்டிங்கற வகை எஞ்சின்ல அவர் கூட வேலை பாக்க ஃபயர்மேனுங்க போட்டி போடுவாங்கன்னு எங்க அப்பா சொல்லுவார். பர்மாக்காரப் பசங்களுக்கு வேலை கத்துக்குடுத்ததும் அவர்தான், அவங்க சயா சயான்னு, அதாவது வாத்தியாரேன்னு, கடைசி வரைக்கும் வீட்டுக்கு வந்து போயிட்டிருந்தாங்க.

1949 வேற. ஜனவரி 31-ல இருந்து மே 22 வரைக்கும், 112 நாள், கரேன் இனத்துக் கிளர்ச்சிப் படைக்கும் அரசாங்கப் படைக்கும் சண்டை எங்க இன்செய்ன்லயே நடந்துச்சு. பாட்டி எங்க பெரியப்பாவ இடுப்புல தூக்கிக்கிட்டு ரங்கூன்ல சொந்தக்காரங்க வீட்டு மாடிக்குப் போயிட்டாங்க, ஒரே ரூம்ல நாலு குடும்பம். அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா லைன்ல நிம்மதி இல்ல, இன்னைக்கு ஒரு பாலம் போகும், நாளைக்கு தண்டவாளம் கழண்டு கெடக்கும், முன்னாடி ஒரு எஞ்சின் வேவு பாத்துக்கிட்டே போக பின்னாடி வண்டி போகும், பொழுது சாஞ்சா அந்த ஸ்டேஷன்லயே நிறுத்திப் படுத்துக்கணும். அந்த முன்னாடி போற எஞ்சின்ல தாத்தா போயிருக்கார். கீமேன்னு ஒருத்தர் இருப்பார், விடியக்காலையில சுத்தியல தோள்ல போட்டுக்கிட்டு லைன் மேலயே நடந்து தண்டவாளத்தப் புடிச்சிருக்குற ஆப்பு மாதிரி சாவிய ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டுப் போவார், வெடி வச்சிருந்தா அவருக்குத்தான் மொதல்ல தெரியும், இல்ல தெரியாமலே போகும். அந்தக் காலத்துல பெகு, டவுங்கூ பக்கம் கீமேனுங்கள்ல பாதி நம்ம ஆளுங்கதான்னு தாத்தா சொல்லுவார். வெள்ளைக்காரன் ரயில் மட்டும் ஓட்டலைங்க ஐயா நாங்க, சுதந்திர பர்மாவோட ரயிலும் நாங்க சேந்து ஓட்டினதுதான்.

1964-ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 50 ரூபா 100 ரூபா நோட்டு செல்லாதுன்னாங்க, இங்க கியாட்டயும் நாங்க ரூபான்னுதான் சொல்லுவோம். தாத்தாவோட தம்பி ரெண்டு பேரும் கடை வச்சிருந்தவங்க, அவங்க கப்பல் ஏறிட்டாங்க, அவங்க பிள்ளைங்கதான் வியாசர்பாடியில இருக்காங்க. தாத்தாவுக்கு குடியுரிமைப் பேப்பர் இருந்துச்சு, டிரைவர் வேலை இருந்துச்சு, தங்கிட்டார். போனவங்களப் பாத்து இவங்க அழுதாங்க, தங்கினவரப் பாத்து அவங்க பரிதாபப்பட்டாங்க, யார் பண்ணது சரின்னு இன்னை வரைக்கும் ரெண்டு பக்கமும் கல்யாண வீட்டுல சண்டை போட்டுக்குவோம். போனவங்க சில பேரு தமிழ்நாடு ஒத்துக்காம மணிப்பூர் வழியா நடந்தே திரும்பி வரப் பாத்து, எல்லையில விடாம மோரேயிலயே தங்கிட்டாங்களே, அவங்க கதையயும் நீங்க ஒரு தடவ எழுதணும், அங்க இன்னைக்கும் தமிழ்க் கோயில் இருக்கு.

1983-ல ரிட்டயர் ஆனார். வந்த பணத்த வங்கியில போடுறதுக்கு அவருக்குப் பயம், வீட்டுல டிரங்குப் பெட்டியில வச்சிருந்தார், இருந்ததையெல்லாம் பின்னாடி புதுசா வந்த 75 ரூபா நோட்டா மாத்தி அடுக்கி வச்சார், கம்மி எடத்துல நெறைய பணம் வைக்கலாமேன்னு. 1987 செப்டம்பர் 5-ந்தேதி 25, 35, 75 நோட்டெல்லாம் செல்லாது. மாத்தியும் தரல. நான் அப்ப பையன், அவர் கத்துவார்னு பயந்துக்கிட்டு நின்னேன், அவர் அந்த நோட்டுல ஒண்ண எடுத்து சுருட்டு பத்த வச்சுட்டு மத்தத பாட்டிகிட்ட குடுத்துட்டார். பாட்டி எரிக்கல. இப்பவும் கொஞ்சம் எங்ககிட்ட இருக்கு, வெளிநாட்டுக்காரன் வந்து ஞாபகத்துக்குன்னு வாங்குறான், தெருவுல விக்கிறத நானே பாத்திருக்கேன்.

நேவி பென்ஷன் கேட்டு எழுதாத எடம் இல்ல. ஒரு ஆபீஸ்ல நீங்க இந்தியக் குடிமகன் இல்லன்னாங்க, இன்னொரு ஆபீஸ்ல அது இந்தியாக்காரங்க விவகாரம்னாங்க, மூணாவதுல யுத்த காலத்துக்கு மட்டும் சேந்தவங்களுக்கு பென்ஷன் கிடையாதுன்னு நேரா சொல்லிட்டாங்க, அந்த மூணாவது ஆள்மேலதான் தாத்தாவுக்கு மரியாதை. நான் அதுக்காக இப்ப யார்கிட்டயும் நியாயம் கேக்கல, அவரும் போயிட்டார்.

லைன் வீட்டுப் பக்கம் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருக்கு, ரயில்வே ஆளுங்க மாசச் சம்பளத்துல புடிச்சு கட்டினது. மணிக்குப் பதிலா ஒரு முழம் தண்டவாளத் துண்டத் தொங்க விட்டிருக்கும், தண்டவாளம் இணைக்கிற ஃபிஷ் பிளேட் போல்ட்டால தட்டுவாங்க, அந்தச் சத்தம் தூரத்துல இருக்குற, யாங்கோன சுத்தி ஓடுற சர்க்கிள் ரயில் பிளாட்பாரம் வரைக்கும் கேக்கும். தீமிதி அன்னைக்கு குழிக்கு நெருப்பு போடுறது யாருன்னு கேக்கவே வேணாம், ரிட்டயர்டு ஃபயர்மேனுங்கதான், விறக எப்படி அடுக்கணும், எப்ப வாரிச் சமப்படுத்தணும்னு ஆளாளுக்கு அதிகாரம் பண்ணுவாங்க. இப்ப அந்தத் தலைமுறை போயிடுச்சு, பசங்க சிங்கப்பூர், மலேசியான்னு போறாங்க, இங்க நிலைமை என்னன்னு உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள நான் போகல.

போன்ல அடிச்சு அடிச்சு கடிதம் பெருசா போச்சு, வேணுங்கறத வெட்டிக்கோங்க. ஆனா உங்க பேப்பர் திருச்சி, மதுரை, சென்னைன்னு பர்மா காலனி இருக்குற எல்லா ஊருக்கும் போகுது. 1964-ல கப்பல் ஏறினவங்கள்ல ரயில்வேக்காரங்களும் இருந்தாங்க, அவங்க வீட்டுப் பெட்டியில சர்வீஸ் புஸ்தகம், சம்பளச் சீட்டு, ஷெட்ல எஞ்சின் முன்னாடி நின்னு எடுத்த குரூப் போட்டோ எதாவது கண்டிப்பா கெடக்கும். அடுத்த தடவ பர்மா ரயில்னு எழுதறப்ப மொதல்ல அவங்ககிட்ட கேளுங்க, அந்தப் படத்தப் போடுங்க. எங்க வீட்டுல இருக்குற எஞ்சின் போட்டோ இன்செய்ன் ஷெட்ல 1950-கள்ல எடுத்தது, தாத்தா படிக்கட்டுல கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறார், கீழ வரிசையில நிக்கிறவங்கள்ல மூணு பேரோட பேரு எங்க யாருக்கும் தெரியல. ஒருத்தர் நெத்தியில பட்டையா விபூதி, ஒருத்தர் துருக்கித் தொப்பி, மூணாவது ஆளு ரொம்பச் சின்னப் பையன், கையில எண்ணெய் கேன் வச்சிருக்கான். படத்த இதோட சேத்து அனுப்பியிருக்கேன். உங்க வாசகருங்க யாராவது அடையாளம் கண்டா ஆபீஸ்ல சொல்லி எங்களுக்குத் தெரியப்படுத்துங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
இன்செய்ன், யாங்கோன்.